பெர்ஹெந்தியான் உடும்பு ஏன் ஓடவில்லை?

கோலாலம்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போயிருந்தபோது, விடுதியின் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு கிடந்ததாம். மூன்றடி வரை நெருங்கியும் அது நகரவில்லை. அவருடைய வீட்டு வேலியில் இருக்கும் ஓணானோ கதவு கிரீச்சிட்டாலே பாய்ந்து ஓடிவிடுகிறது. தீவில் வாழும் பல்லிகளுக்கு அச்சம் போய்விடும் என்றும், ஐரோப்பாவில் ஒரு குட்டித் தீவில் விடப்பட்ட பல்லிகள் 36 ஆண்டுகளில் உடலமைப்பே மாறிவிட்டன என்றும் அவர் மகன் எங்கோ படித்திருக்கிறான். அப்படியானால் நம் தீவுகளிலும், பினாங்கிலும்கூட, அதே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறதா என்பது பையனின் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த உடும்பின் அச்சமின்மை பிறவியிலேயே வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்பது ஒன்று. ஒரு தீவு ஓர் உயிரினத்தின் உடலை மாற்ற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில், பையன் கேட்காமல் விட்ட மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: பெர்ஹெந்தியானும் பினாங்கும் நமக்குத் தீவுகள், பல்லிக்கும் அவை தீவுகள்தாமா? நான் மரபணு ஆய்வாளர் அல்லன். பினாங்கில் முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன். மாணவர்களை அழைத்துக்கொண்டு கொடிமலைப் பாதைகளில் இரவில் டார்ச் விளக்கோடு பல்லி எண்ணியவன். நம் ஊர் விலங்குகளைப் பற்றிச் சொல்வதில் ஒரு பகுதி கண்ணால் கண்டது. ஏனையவை ஆய்வாளர்கள் எழுதியவற்றைப் படித்து அறிந்தவை. ஒரு சொல் விளக்கமும் தேவைப்படுகிறது. பல்லி, ஓணான், அரணை, உடும்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. எனவே பொதுவாகப் 'பல்லிகள்' என்று நான் எழுதும் இடங்களில் நான்கையும் சேர்த்தே கொள்ளுங்கள்.

முதலில் உடும்பு. நீங்கள் வருணித்த இடத்தை வைத்துப் பார்த்தால் அது நீர் உடும்பு, மலாய்க்காரர்கள் பியாவாக் என்று சொல்வது, என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. அது ஓடாததற்குக் காரணம் கொட்டகையின் பின்புறத்தில் விழும் மீன் தலையும் கோழி எலும்பும். இதைச் சோதிக்க நீங்கள் படகு ஏற வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே, தித்திவங்சா ஏரிக் கரையில் ஒரு மாலை நடந்து பாருங்கள். அதே இன உடும்பு, நடைப்பயிற்சிக்கு வந்தவர்களின் காலுக்கு ஐந்தாறு அடி தள்ளி, நாக்கை நீட்டி நீட்டி மண்ணை முகர்ந்தபடி போகும். அங்கே கடல் இல்லை. ஆட்கள் தினமும் வருகிறார்கள், யாரும் அடிப்பதில்லை என்பதை அந்த விலங்கு தன் வாழ்நாளில் கற்றுக்கொண்டிருக்கிறது. அதே உடும்பை ஒரு தோட்டப்புறக் கால்வாயில், நாய்கள் துரத்தும் இடத்தில், சந்தித்தால் முப்பதடி தொலைவிலேயே நீரில் குதிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். இதைப் பழகிப்போதல் என்போம். அந்த உடும்பு இடும் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, மற்றெந்தக் குஞ்சையும் போல அஞ்சி மரமேறிவிடும்.

ஆனால் பையன் படித்தது பொய்யன்று. பிறவியிலேயே அச்சம் குறைந்த தீவுப் பல்லிகள் உண்டு. 1835ஆம் ஆண்டு கலாபகஸ் தீவுகளில் டார்வின் ஒரு கடல் இகுவானாவை (கடலில் மேயும் பெரிய பல்லி) பிடித்துக் கடல்நீர் தேங்கிய குட்டைக்குள் தூக்கி எறிந்து பார்த்தார்; ஒவ்வொரு முறையும் அது நேராக நீந்தி, அவர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தது. கரையில் அதற்கு எதிரி கிடையாது, நீரில்தான் சுறா உண்டு என்பதால் கரையைப் புகலிடமாகக் கருதியிருக்கும் என்று அவர் ஊகித்தார். பிற்காலத்தில் இதை அளந்தே பார்த்தார்கள். ஒரு மனிதர் சீரான வேகத்தில் நெருங்கும்போது எத்தனை மீட்டரில் பல்லி ஓடத் தொடங்குகிறது என்பதே அளவுகோல். 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 66 பல்லி இனங்களின் அளவுகளை ஒப்பிட்டு, தீவில் வாழ்பவை மனிதரை அதிகம் நெருங்கவிடுகின்றன என்றும், பெருநிலத்திலிருந்து தீவு தள்ளிப்போகப் போக அந்தத் தொலைவு குறைகிறது என்றும் காட்டியது. இனங்களுக்கிடையே உள்ள உறவுமுறையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த முடிவு நின்றதால், இதை உறுதியான செய்திகளின் பக்கம் வைக்கிறேன். கடல் இகுவானாக்களைத் திரும்பத் திரும்பத் துரத்திப் பிடித்த வேறொரு ஆய்வில், அவை கொஞ்சம் முன்னதாக ஓடக் கற்றன; ஆனால் நாயும் பூனையும் வந்தால் தப்புவதற்கு அந்தக் கொஞ்சம் போதாது. பழக்கம் எங்கே முடிகிறது, பிறவி எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

கடல் சூழ்ந்திருப்பதால் மட்டும் அச்சம் போய்விடுவதில்லை. தின்னும் விலங்குகள் இல்லாமற்போவதே அச்சத்தைப் போக்குகிறது. கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் ஒரே இனச் சுவர்ப்பல்லி பல தீவுகளில் வாழ்கிறது. அவற்றுள் பல, நம் தீவுகளைப் போலவே, கடல் மட்டம் உயர்ந்தபோது பெருநிலத்திலிருந்து வெட்டுப்பட்டவை. பாம்பும் பிற எதிரிகளும் குறைந்த தீவுகளில் அப்பல்லிகள் ஆளை நெருங்கவிடுகின்றன, வாலை உதிர்ப்பதும் அருகிவிட்டது. எதிரிகள் நிறைந்த தீவுகளில் அப்படி இல்லை. நம் தீவுகளிலோ பாம்புகள் இருக்கின்றன, மேலே கடற்கழுகு வட்டமிடுகிறது. அந்தத் தீவுக் காட்டில் ஓர் அரணை அசட்டையாக இருந்தால் அன்றைக்கே அது இரையாகிவிடும்.

இப்போது 36 ஆண்டுக் கதை. குரோவேஷியாவின் கடற்கரைக்கு அப்பால் அட்ரியாட்டிக் கடலில் போட் கொப்பிஷ்டே, போட் ம்ர்ச்சாரு என்று இரண்டு சிறு திட்டுகள் உள்ளன. 1971இல் ஆய்வாளர்கள் முதல் திட்டிலிருந்து இத்தாலியச் சுவர்ப்பல்லிகளில் ஐந்து இணைகளை எடுத்து இரண்டாவதில் விட்டார்கள். பிறகு அப்பகுதியில் போர் மூண்டதால் நீண்டகாலம் யாரும் திரும்பிப் போகவில்லை. அந்தோனி ஹெரெல் குழுவினர் போய்ப் பார்த்து 2008இல் வெளியிட்டதுதான் பரபரப்பானது. திட்டு முழுவதும் அந்தப் பத்துப் பல்லிகளின் வழித்தோன்றல்கள். மரபணுச் சோதனையும் அதை உறுதிசெய்தது. தலை பெரிதாகி, கடிக்கும் வலிமை கூடியிருந்தது. பூச்சி தின்று வாழ்ந்த இனம் இங்கே இலைதழையைப் பெருமளவு தின்றது. கோடையில் இரைப்பையில் இருந்தவற்றுள் பாதிக்கு மேல் தாவரம். குடலில், செரிப்பதற்குக் கடினமான இலையைத் தேக்கி வைக்கும் மடிப்புத் தடுப்புகள் தோன்றியிருந்தன. மூலத் திட்டின் பல்லிகளில் அவை காணப்படவில்லை.

இவை யாவும் அளந்து கண்டவை. இங்கிருந்து ஓர் அடி தள்ளி வைத்தாலும் ஐயத்தின் எல்லைக்குள் போய்விடுவோம். அந்த மடிப்புகள் மரபணுவில் எழுதப்பட்டுவிட்டனவா, அல்லது இலை தின்னும் எந்தப் பல்லியின் குடலிலும் தாமே தடித்து எழுபவையா? குடல் என்பது உணவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் உறுப்பு. இந்தப் பல்லிகளுக்கே உணவை மாற்றிக் கொடுத்துப் பார்த்த பின்னாளைய ஆய்வும் அந்த வளைந்துகொடுத்தலின் பக்கமே சாய்ந்தது. ஆகவே "36 ஆண்டில் புதிய உறுப்பு முளைத்தது" என்று மேடையில் சொல்வது எளிது. வகுப்பறையில் நான் அப்படிச் சொல்வதில்லை.

விரைவான மாற்றத்துக்கு இதைவிட நல்ல சான்று கரீபியக் கடலில் கிடைக்கிறது, எனவே அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். அங்கு வாழும் அனோல் என்ற பல்லிகள் நம் ஓணானைப் போல மரத்தில் ஒட்டிக்கொண்டு, தொண்டைக்குக் கீழே வண்ணத் தோலை விசிறிபோல் விரித்துத் தலையாட்டும். (இதில் ஒன்றான பழுப்பு அனோல், தோட்டச் செடிகளோடு ஒளிந்து வந்து, சிங்கப்பூரில் 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஆகவே நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று.) கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, புவெர்ட்டோ ரிக்கோ ஆகிய நான்கு பெருந்தீவுகளிலும், அடிமரத்தில் வாழ்பவை நீண்ட கால்களோடும், மெல்லிய குச்சியில் ஊர்பவை குட்டைக் கால்களோடும், உச்சிக் கிளையில் இருப்பவை பெரிய உடலோடும், ஒவ்வொரு தீவிலும் தனித்தனியே உருவாகியிருக்கின்றன. தோற்றத்தில் கியூபாவின் குச்சிப் பல்லியும் ஜமைக்காவின் குச்சிப் பல்லியும் உடன்பிறப்புகள்போல் இருக்கும். வம்சாவளியிலோ அவை நெருங்கியவை அல்ல. இது கோடிக்கணக்கான ஆண்டுகளின் வேலை.

அதையே சில ஆண்டுகளில் காண முடியுமா என்று தாமஸ் ஷோனர், ஜோனதன் லோசோஸ் முதலியோர் பஹாமாஸ் தீவுகளில் முயன்றார்கள். 1977இலும் 1981இலும் பல்லியே இல்லாத சிறு திட்டுகளில் பழுப்பு அனோல்களைக் கைப்பிடி அளவில் விட்டுவைத்தார்கள். பத்துப் பதினான்கு ஆண்டுகளில் அவை பெருகின. தாம் குடியேறிய திட்டின் செடிகொடிகள் மூலத் தீவின் மரங்களிலிருந்து எவ்வளவு மாறுபட்டனவோ, அந்த அளவுக்குப் பல்லிகளின் உடலளவும் மாறியிருந்தது. 1997இல் இது வெளியானபோது பரிணாமத்தைக் கண்முன் பிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி எழுந்தது. அதே குழுவினர் பிறகு செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும்: ஒரே இனத்தின் குஞ்சுகளைப் பிரித்துச் சிலவற்றை அகன்ற பலகையிலும் சிலவற்றை ஒல்லிக் குச்சியிலும் வளர்த்தார்கள். பலகையில் வளர்ந்தவற்றின் பின்னங்கால் நீண்டிருந்தது. அதாவது தங்கள் பழைய முடிவில் ஒரு பகுதி, மரபு மாற்றமே இல்லாமல், வளர்ந்த இடத்தால் வந்திருக்கலாம் என்று தாங்களே காட்டிவிட்டார்கள்.

சந்தேகத்துக்கு இடம் தராத சான்று ஒரு புயலிலிருந்து வந்தது. 2017 செப்டம்பரில் டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் காலின் டோனிஹ்யூ குழுவினர் வேறொரு காரணத்துக்காக அனோல்களை அளந்து முடித்த சில நாள்களில் இர்மா புயலும் அதன்பின் மரியா புயலும் அத்தீவுகளைத் தாக்கின. ஆறு வாரம் கழித்துத் திரும்பி அதே இடங்களில் அளந்தபோது, உயிர்பிழைத்திருந்தவற்றின் விரல் ஒட்டுப்பட்டைகள் முன்பைவிடச் சராசரியில் பெரியவை, முன்னங்கால் நீளமானவை, பின்னங்கால் குட்டையானவை. ஆறு வாரத்தில் வளர்ந்த பல்லிக்குக் கால் நீளாது. எனவே மற்றவை காற்றோடு போயின, இவை நின்றன என்பதே பொருள். ஏன் பின்னங்கால் குட்டையாக இருப்பது உதவியது? ஒரு குச்சியில் பல்லியை உட்காரவைத்து, தோட்டக்காரர் இலை ஊதும் இயந்திரத்தால் காற்றடித்துப் படம் எடுத்தார்கள். கீழே வலை கட்டியிருந்ததால் அடிபட்டவை எதுவும் இல்லை. காற்று கூடக்கூடப் பல்லி முன்னங்கால்களால் குச்சியைத் தழுவிக்கொள்ள, நீண்ட பின்னங்கால்கள் வெளியே துருத்திக்கொண்டு பாய்மரம்போல் காற்றைப் பிடித்தன. முதலில் பிடி நழுவியவை அவைதாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது தற்செயல். 2004இல் பிரான்சஸ் புயல் பஹாமாஸின் சில திட்டுகளைக் கழுவித் துடைத்த பிறகு, ஏழு திட்டுகளில் தலா ஒரே ஓர் இணையை விட்டார்கள். குட்டைப் புதர்களுக்கு ஏற்ப எல்லாத் திட்டிலும் கால்கள் குட்டையாகிக்கொண்டே போயின. ஆனால் முதலில் விடப்பட்ட இணைக்கு எங்கே கால் நீளமாக இருந்ததோ, அத்திட்டின் சந்ததி ஆண்டுகள் கழித்தும் ஒப்பளவில் நீளக் காலோடே இருந்தது. முதலில் கரையேறியது யார் என்பதும் வரலாற்றில் நிற்கிறது.

இனி நம் பக்கம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். பினாங்கு என்பது அந்நிலத்தில் ஒரு குன்று. பட்டர்வொர்த்திலிருந்து நடந்தே வரலாம். நீர் ஏறி இது தீவானது பல்லிகளின் கணக்கில் நேற்று. கலாபகஸ் எரிமலையால் கடலுக்குள்ளிருந்து எழுந்து, வெறும் பாறையாக உயிர்களுக்குக் காத்திருந்த இடம். பினாங்கு தன் உயிர்கள் அனைத்தோடும் கடலால் சூழப்பட்ட இடம். இரண்டையும் ஒரே சொல்லால் தீவு என்று அழைப்பதில்தான் பையனின் குழப்பம் தொடங்குகிறது.

அப்படியென்றால் பினாங்குக்கே உரிய பல்லி எதுவும் இருக்கக் கூடாது அல்லவா? இருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொடிமலைப் பாதையில் இரவு எட்டு மணிக்குமேல் கருங்கல் பாறைகளின் மீது டார்ச் ஒளியை மெல்ல ஓட்டினால், பாறை இடுக்கின் ஓரத்தில் ஒரு சிறு கண்மணி ஒளிரும். அருகே போனால், வெள்ளைக் கோடு விளிம்பிட்ட கரும்பழுப்புப் பட்டைகள் உடலைச் சுற்றிய ஒரு பல்லி. வீட்டுப் பல்லிக்கு உள்ளதுபோல் விரலில் ஒட்டுப்பட்டை இல்லை. வளைந்த மெல்லிய விரல்களும் நகங்களும் மட்டுமே. வளைவிரல் பல்லி எனலாம். 1827இல் ஜான் எட்வர்ட் கிரே இதற்கு அறிவியல் பெயரிட்டார். தென் தாய்லாந்திலிருந்து தீபகற்பம் நெடுக வாழ்வது இந்த ஒரே இனம் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2012இல் லீ கிரிஸ்மர் குழுவினர் உடற்கூறையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, அதிலிருந்து ஏழு புதிய இனங்களைப் பிரித்தெடுத்தார்கள். பழைய பெயர் பினாங்குத் தீவில் உள்ளதற்கு மட்டும் மிஞ்சியது.

பிரிந்த மற்றவை எங்கே வாழ்கின்றன என்று பாருங்கள். லங்காவியில் ஒன்று. ஏனையவற்றுள் பல நிலத்தின் நடுவே, தித்திவங்சா மலைத்தொடரிலும் பிந்தாங் மலைத்தொடரிலும். கெந்திங்கில் வாழ்வது வேறு, கேமரன் மலையில் வாழ்வது வேறு. அங்கே கடல் எங்கிருந்து வந்தது? குளிர்ந்த ஈரக் காடும் கருங்கல் இடுக்கும் இல்லாமல் வாழ முடியாத பல்லிக்கு, இரு மலைகளுக்கு நடுவே உள்ள வெப்பமான சமவெளியே கடல். இந்தக் கிளைகள் பிரிந்தது பத்தாயிரம் ஆண்டுக்கு முன் ஏறிவந்த நீரைக் காட்டிலும் மிகமிகப் பழையது. ஆகவே பினாங்கின் வளைவிரல் பல்லியைத் தனி இனமாக்கியது பினாங்கு நீரிணை அன்று, மலையே என்பது என் துணிபு. ஓர் எச்சரிக்கை: ஓர் இனம் ஒரு தீவில் மட்டுமே உண்டு என்பது, இதுவரை தேடிய இடங்களில் அங்கே மட்டும் கிடைத்தது என்றே பொருள்படும். எதிர்க்கரைக் குன்றில் நாளை யாரேனும் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தால் எழுதியதைத் திருத்துவேன். லங்காவியின் குனுங் ராயா மலையில் 2010இல் வருணிக்கப்பட்ட ஒரு சிறு பாறைப் பல்லிக்கு ரொட்டி சானாயின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதைப் பையனிடம் சொல்லுங்கள். பாடம் மறந்தாலும் அது மறக்காது.

இதற்கு நேர் எதிரானது நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கப்படும் அந்தச் சாதாரணப் பல்லிக்குக் கடலும் தடையில்லை. சரக்குப் பெட்டியிலும் கப்பலிலும் ஏறிப் பசிபிக் தீவுகள் நெடுகக் குடியேறிவிட்டது. அதன் ஓடு கெட்டியான முட்டை மரச்சாமானின் இடுக்கில் கிடந்தபடியே பயணம் போகும். அங்கே ஏற்கெனவே இருந்தது, ஆணே இல்லாமல் பெண் மட்டுமே முட்டையிட்டுப் பெருகும் ஒரு சிறு பல்லி. ஒரே ஒரு பெண் கரையேறினாலும் ஊரையே நிரப்பிவிடும் அந்தச் சிறு பல்லியால், மின்விளக்கடியில் நம் பல்லியோடு போட்டியிட முடியவில்லை. ஹவாயில் கைவிடப்பட்ட விமானக் கொட்டகைகளில் சோதித்துப் பார்த்தார்கள்: விளக்கில் மொய்க்கும் பூச்சிகளை நம் பல்லி முந்திக்கொண்டு தின்று தீர்க்க, மற்றது மெலிந்தது. விளக்கில்லாத காட்டில் இந்த வேகம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

கொமோடோ உடும்பைத் தீவுதான் பெரிதாக்கியது என்று பலரும் சொல்வதால் ஒரு வரி: அதே இனத்தின் 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொல்லெச்சங்கள் ஆஸ்திரேலியாவில் கிடைத்துள்ளன. பெருநிலத்திலேயே பெரிதாக இருந்த விலங்குக்குத் தீவுகள் கடைசிப் புகலிடமாகின என்பதே இன்று வலுவான விளக்கம்.

பையனுக்கு ஆர்வமிருந்தால் தித்திவங்சா ஏரியில் அவனே அளந்து பார்க்கலாம். உணவுக் கடைகளுக்கு அருகே கிடக்கும் பத்து உடும்புகள், ஆள் அதிகம் போகாத மறுகரையில் பத்து. ஒவ்வொன்றையும் நோக்கி நேராக, ஒரே வேகத்தில், கையை வீசாமல் நடக்க வேண்டும். அது நகரத் தொடங்கும் கணத்தில் நின்று, இடைவெளியை அடிக்கணக்கில் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தடிக்குள் போகாமலே நிறுத்திக்கொள்ளட்டும், அதன் வால் சாட்டைபோல் அடிக்கும். கடைப்பக்கத்து எண்கள் சிறியவையாக இருந்தால், பெர்ஹெந்தியானில் நீங்கள் கண்டது பழக்கம்தான் என்பதற்கு அவன் கையாலேயே ஒரு சான்று கிடைக்கும். பிறவிக் குணம் எவ்வளவு என்பதை இந்தச் சோதனை சொல்லாது, அதற்குக் குஞ்சிலிருந்து வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நடக்கத் தொடங்கிய தொலைவையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். தொலைவிலிருந்தே நேராக வருபவரைப் பார்த்துப் பல்லிகள் சற்று முன்னதாகவே ஓடும்; அதைக் குறிக்காவிட்டால் இரு கரைகளையும் ஒப்பிட முடியாது.